பெரிய அடுப்பு வேண்டாம், ஈரத்தைப் பார்

அன்புள்ள நண்பா,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. 57 அடி நேரோபோட் (கால்வாயில் ஓடும் குறுகிய இரும்புப் படகு), 1991-இல் கட்டியது, இங்கிலாந்தில் பிரான்ஸ்டன் பக்கம் கிராண்ட் யூனியன் கால்வாயில் நிற்கிறது. எலிவளையானாலும் தனிவளை என்பார்கள். உன் வளைக்கு அகலம் 6 அடி 10 அங்குலம். அடுத்த குளிருக்குள் குடியேற வேண்டும், அதற்கு 8 கிலோவாட் அடுப்பு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே.

உன் கேபின் 45 அடி நீளம் இருக்கும். உள்ளளவு ஏறக்குறைய 45 கன மீட்டர். அதற்கு 4 முதல் 5 கிலோவாட் அடுப்பே தாராளம். 8 கிலோவாட் வைத்தால் அரை மணியில் உள்ளே இருக்க முடியாது. உடனே அடுப்பின் காற்றுக் கதவை இறுக்கிவிடுவாய். காற்றில்லாமல் புகைந்துகொண்டே கிடக்கும் அடுப்புதான் கண்ணாடியைக் கறுப்பாக்கும், புகைக்குழாயில் தார் படியவைக்கும், கார்பன் மோனாக்சைடையும் அதிகமாக விடும். சின்ன அடுப்பைத் தாராளமாக எரியவிடுவதே நல்லது.

அதோடு, நீ குளிர் என்று எழுதியிருப்பதில் பாதிக்குமேல் ஈரம். ஜன்னலுக்குக் கீழே பலகை கறுத்திருக்கும் படத்தைப் பார்த்தேன். மழை ஒழுகல் என்கிறாய். இருக்கலாம், அலுமினியச் சட்டத்தின் கீழ்விளிம்பில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும், அவை அடைத்தாலும் உள்பக்கம் வழியும். ஒரு கம்பியால் குத்திப் பார். ஆனால் உச்சிப்பலகையின் மூலையும் கறுத்திருக்கிறதே, அது ஓதம், காற்றிலிருக்கும் ஈரம் படிவது. ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வியர்ப்பதுபோல் இரும்புத் தகடு உள்ளே வியர்க்கிறது.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். 13 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 21 லிட்டர் தண்ணீரைக் கேபினுக்குள் விட்டிருக்கும். சமையலைத் தவிர்க்க முடியாது. குளிர் காயக் கேஸ் ஹீட்டர் வைப்பதுதான் தப்பு. நிலக்கரி அடுப்பு தன் ஈரத்தைப் புகைக்குழாய் வழியே அனுப்பிவிட்டு, வெளியிலிருந்து உலர்ந்த காற்றையும் இழுத்து வரும். அதனால் கூரைமேல் காளான் மாதிரி இருக்கும் காற்றுத்துளைகளையும் கதவின் கீழ்த்துளைகளையும் குளிருக்குப் பயந்து துணி வைத்து அடைக்காதே. அடைத்தால் ஈரமும் தங்கும், அடுப்பும் மூச்சுமுட்டும்.

வேலையைத் தொடங்க வேண்டிய இடம் தகடு. இன்று கட்டுகிற படகுகளில் தகட்டின் கனம் அடியில் 10, பக்கவாட்டில் 6, கேபினுக்கு 4 மி.மீ. என்பது வழக்கம். பழையவற்றில் அடித்தகடே 6 மி.மீ. வைத்துக் கட்டியவை நிறைய. படகைத் தண்ணீர் இல்லாமல் நிறுத்தி வேலை பார்க்கும் ட்ரை டாக்கில் ஏற்றி, சர்வேயரைக் கொண்டு அல்ட்ராசானிக் கருவியால் தகட்டின் கனத்தை அளக்கச் சொல். 4 மி.மீ.க்குக் குறைந்த இடங்கள் இருந்தால் முழுக் காப்பீடு தரப் பெரும்பாலான நிறுவனங்கள் தயங்கும். அங்கங்கே குழி மட்டும் என்றால் வெல்டிங் வைத்து நிரப்பலாம். பரவலாகத் தேய்ந்திருந்தால் பழைய தகட்டின்மேல் புதுத் தகடு போடச் சொல்வார்கள். அப்போது எடைக் கணக்கைக் கேள்: 6 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ. அடி முழுவதற்கும் போட்டால் ஒன்றரை டன். படகு ஏறத்தாழ 4 செ.மீ. கூடுதலாக அமிழும், சிங்க் வடிகாலும் என்ஜின் அறைக் காற்றுத்துளைகளும் அந்த அளவு தண்ணீரை நெருங்கும். தரைக்கு அடியில் பாரத்துக்காக வைத்திருக்கும் கற்களை அதே எடைக்கு எடுத்துவிட வேண்டும்.

இந்த வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே உள்ளே குளிரைத் தடுக்கும் ஃபோம். ஃபோம் அடித்த தகட்டின் மறுபக்கத்தில் வெல்டிங் வைத்தால் அது பற்றிக்கொள்ளும், நச்சுப்புகை விடும். வரிசையை மாற்றிச் செய்து உள்வேலை முழுவதையும் பிய்த்துப் போட்டவர்கள் உண்டு.

கற்களை எடுக்கும்போது கேபினின் பின்கோடியில் தரையைத் திறந்து பார். பின்பக்கம் பெரும்பாலும் சற்றுத் தாழ்ந்திருக்கும் என்பதால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். ஸ்பாஞ்சால் ஒற்றி உலர்த்திவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார். மறுபடி ஈரம் வந்தால் குளியல் தட்டில் உணவுச் சாயம் கரைத்து ஊற்று. நிறம் பின்னால் வந்து சேர்ந்தால் ஒழுகல் அங்கேதான். 30 வயதுப் படகுகள் பல வெளியிலிருந்து அல்ல, இந்தத் தேங்கலால் உள்ளிருந்தே துருப்பிடிக்கின்றன. கடைசியில் அங்கே திறந்து பார்க்க ஒரு சிறு மூடியை நிரந்தரமாக வைத்துக்கொள்.

நீ கழற்றிய பலகைக்குப் பின்னால் தெரிந்த வெள்ளைப் பாளங்கள் பாலிஸ்டைரீன். இரண்டு குறை அதில். பாளத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரக்காற்று புகுந்து மறைவாக வியர்க்கும். இன்னொன்று, பி.வி.சி. வயர் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தால் வயருக்கு நெகிழ்வு தரும் பொருளைப் பாலிஸ்டைரீன் உறிஞ்சிவிடும். உறை மொறமொறப்பாகி வெடிக்கும். ஆகவே இன்சுலேஷனை மாற்றும்போதே வயர்களையும் புதிதாகக் குழாய்க்குள் இழு. தகட்டைத் துரு போகத் தேய்த்து, பிரைமர் அடித்து, மரச்சட்டம் பொருத்தி, மூடிய கண் கொண்ட பாலியூரித்தேன் ஃபோமை 30 மி.மீ.க்குக் குறையாமல் அடிக்கச் சொல். கூரையின் இரும்பு விலாக்களும் அதற்குள் மூழ்க வேண்டும். ஒரு விலா வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், விடியற்காலையில் அதன் நேர்கீழே வரிசையாகச் சொட்டும்.

இப்போது அடுப்பு. தீப்பிடிக்காத மேடைமேல் போல்ட் போட்டு இறுக்கு. கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் லாக்கில் இடிபடும்போது அடுப்பு நகரக்கூடாது. பின்சுவரில் கால்சியம் சிலிக்கேட் பலகை, அதற்கும் மரத்துக்கும் நடுவே காற்று இடைவெளி. புகைக்குழாய் செங்குத்தாக ஏறுவது நல்லது; வளைத்தே ஆக வேண்டுமென்றால் 45 பாகைக்கு மேல் வேண்டாம். மேல்குழாயின் முனை கீழ்க்குழாயின் உள்ளே நுழைய வேண்டும், அப்போதுதான் வடியும் தார் அடுப்புக்கே திரும்பும். கூரை வளையத்தில் ஃபயர் சிமென்ட்டை மட்டும் பூசினால், குழாய் சூட்டில் நீளும்போது விண்டுபோகும். கண்ணாடிநார்க் கயிற்றைத் திணித்து மேலே வெப்பம் தாங்கும் சிலிக்கான் போடு. கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019 ஏப்ரல் முதல் படகுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கே கட்டாயம்; அடுப்பிருக்கும் இடத்தில் ஒன்றும் படுக்குமிடத்தில் ஒன்றும் வை.

படுக்கையறை பின்னால், அடுப்பு முன்னால். அடுப்புச் சூட்டில் தண்ணீரைக் காய்ச்சும் பின்பாய்லர் வைத்து 28 மி.மீ. செம்புக்குழாயில் சூடு தானாகவே சுற்றும்படி செய்யலாம், பம்ப் வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் திரும்பிவரும் குழாய் பின்னாலிருந்து அடுப்பை நோக்கித் தொடர்ந்து சரிய வேண்டும். ஆனால் ரசமட்டத்தை நம்பாதே. முன்முனைத் தொட்டியில் 500 லிட்டர் தண்ணீர் காலியானால் முன்பக்கம் எழும்பும், மீட்டருக்கு 5, 6 மி.மீ. சரிவு மாறிவிடும். தொட்டி காலி, டீசல் தொட்டி நிறைவு: அந்த நிலையிலும் குழாய் அடுப்பை நோக்கிச் சரிகிறதா என்று பார்த்துப் பிறகு பொருத்து. பாய்லரை ஒட்டிப் பிளாஸ்டிக் குழாய் வேண்டவே வேண்டாம். சூட்டில் தண்ணீர் விரிய இடம்தரும் மேல் தொட்டிக்கும் பாய்லருக்கும் நடுவே வால்வும் கூடாது.

டீசல் ஹீட்டர் அதிகாலைக்குச் சௌகரியம்தான். ஆனால் ஐந்து நிமிடம் எரிந்து அணைந்து எரிந்தால் உள்ளே கரி பிடிக்கும். 12 வோல்ட் வயர் மெல்லியதாக இருந்தால் பற்றவைக்கும் நேரத்தில் வோல்டேஜ் விழுந்து தானே நின்றுவிடும். ஹீட்டர் கெட்டது என்று வரும் புகார்களில் பல கடைசியில் வயராகவே முடிகின்றன.

சர்வே அறிக்கை வந்ததும் நீர்மட்டக் கோட்டை ஒட்டிய அளவுகளை மட்டும் எழுதி அனுப்பு. அதுவரை அடுப்புக்கு முன்பணம் கட்டாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்

பி.கு.: இங்கிலாந்தில் 2023 மே முதல் வீட்டுக்கான சாதாரண நிலக்கரி விற்பனை இல்லை, புகையில்லாக் கரிதான். விறகு வாங்கினால் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். சாம்பல் அள்ளும் இரும்பு வாளியை இரவில் உள்ளே விட்டுவைக்காதே. அணைந்ததுபோல் தெரியும் கங்கு விடியும்வரை வாயு விடும். முன் தளத்தில், மூடிபோட்டு.