சாவி கொடுக்கும் நாள்: தஞ்சை, நாகை, மயிலாடுதுறை எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்களவை உறுப்பினர்கள் மூவருக்கும் வணக்கம். பதவி போனவர்கள் அரசு வீட்டைக் காலி செய்வது பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன் எங்கள் வீட்டுக் கதை.

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மதகைத் திறந்து மூடுகிறவர், முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் ராத்திரி இரண்டு மணிக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர். நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு மதகை ஒட்டினாற்போல் ஒற்றை அறையும் திண்ணையுமாக ஒரு குவார்ட்டர்ஸ். நான் வளர்ந்தது அங்கேதான். 1994 ஜூலை 31 அன்று அப்பா ஓய்வு பெற்றார். ஆடி மாதம். மூன்று நாளில் பதினெட்டாம் பெருக்கு.

ஷட்டரைத் தூக்கும் இரும்புச் சாவியை அன்று சாயங்காலமே புது லஸ்கரிடம் கொடுத்துவிட்டார். வீட்டைக் கொடுப்பதில்தான் சிக்கல். "ஆடியில யாராவது குடி போவாங்களா?" என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். மேலதிகாரி நல்லவர்தான், ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆர்டர்ல ஆடி, ஆவணியெல்லாம் போடலையேம்மா." கடைசியில் ஆவணி ஒன்றாம் தேதி என்று முடிவானது. பதினேழு நாள். அதுவரை புது லஸ்கர் மதகு ஷெட்டில் படுத்துக்கொண்டார். அம்மா அவருக்கும் சேர்த்து உலை வைத்தார். அப்பா மட்டும் அந்தப் பதினேழு நாளும் வீட்டுக்குள் வந்து படுக்கவே இல்லை. திண்ணையில் துண்டை விரித்துக்கொண்டார். கேட்டதற்கு, "வேலை போயிட்டுல்ல" என்றார். அவ்வளவுதான்.

தேர்தல் முடிவு வரும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது. வாக்கு எண்ணிக்கை முடிந்து, தோற்றவர் ராஜினாமா கொடுத்து, ஜெயித்தவர் பதவி ஏற்று, எல்லாம் டி.வி.யில் நேரலையாக ஓடும். அதற்கப்புறம் அந்த அரசு வீடு என்ன ஆனது, யார் எப்போது காலி செய்தார், உள்ளே இருந்த சாமானெல்லாம் சரியாக இருந்ததா என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அமைச்சர்களின் சம்பளம், படிகள் பற்றிய 1952-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது: பதவிக்காலம் முழுவதும், அது முடிந்தபின் ஒரு மாதமும், வாடகை இல்லாமல் வீடு. எம்.பி.க்களுக்கும் அதே ஒரு மாதக் கணக்குதான், உங்களுக்குத் தெரியாததில்லை. என் அப்பாவுக்குக் கிடைத்ததைவிடப் பதின்மூன்று நாள் அதிகம். அதற்கு மேலும் இருந்தால் வெளியேற்ற 1971-ஆம் ஆண்டு பொது வளாகச் சட்டம் இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் போகும், பதில் வரும், அவகாசம் கேட்பார்கள், கொடுப்பார்கள். தேர்தல் செய்தி ஓய்ந்தபின் இதையெல்லாம் பின்தொடர ஆள் கிடையாது.

பிரதமர் வீட்டுக்கு வருவோம். டெல்லியில் ரொம்ப நாள் வரை பிரதமருக்கென்று நிலையான ஒரு வீடு கிடையாது. நேரு தீன்மூர்த்தி பவனில் இருந்தார், அது அருங்காட்சியகம் ஆனது. இந்திரா காந்தி 1, சஃப்தர்ஜங் சாலையில் இருந்தார், அதுவும் இப்போது நினைவகம். ராஜீவ் காலத்திலிருந்துதான் ரேஸ் கோர்ஸ் சாலை 7-ஆம் எண். சாலையின் பெயரை 2016-இல் லோக் கல்யாண் மார்க் என்று மாற்றினார்கள். மன்மோகன் சிங் 2014 மே மாதம் கட்சி தோற்ற கையோடு அங்கிருந்து மோதிலால் நேரு மார்க் 3-ஆம் எண் வீட்டுக்குப் போய்விட்டார். சத்தமே இல்லை. முன்னாள் பிரதமருக்கு ஆயுள்வரை வீடு கொடுப்பதில் எனக்கு மறுப்பும் இல்லை. பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது, வயதும் இருக்கிறது.

இந்திரா காந்தி காலி செய்த கதையில் நமக்கும் ஒரு கிளை வாய்க்கால் உண்டு. 1977 மார்ச்சில் ரேபரேலியிலேயே தோற்றபோது, அவருக்கு டெல்லியில் போக வீடு இல்லை. குடும்ப நண்பர் ஒருவர் தன் வீட்டைக் கொடுக்க, 12, வில்லிங்டன் கிரசன்ட்டுக்குக் குடும்பத்தோடு போனார். அந்த வீட்டில் இருந்த காலத்தில்தான், 1979-இல், தஞ்சாவூர் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நிற்க நினைத்தார். எம்.ஜி.ஆர். ஆதரவு தருவதாக இருந்து பிறகு பின்வாங்கினார், அது நடக்கவில்லை. மறுவருஷமே ஜெயித்துப் பழைய வீட்டுக்குத் திரும்பினார். பதினொரு வருஷம் நாட்டை ஆண்டவர் அடுத்தவர் வீட்டில் மூன்று வருஷம் இருந்தார் என்பதை, அவரைப் பிடிக்காதவர்களும் சேர்த்துத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். அவசரநிலை பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, அது இந்த மடலுக்கு வேண்டாம்.

நம் மாநிலத்தில் இந்தப் பிரச்சினை முதல்வர் அளவில் அதிகம் வந்ததில்லை என்று சொல்லலாம். கோபாலபுரம், ராமாவரம், போயஸ் தோட்டம் எல்லாம் அவரவர் வீடு. தோற்றாலும் அதே வீடு, அதே வாசல், கூட்டம் மட்டும் குறையும். காமராஜர் திருமலைப் பிள்ளை சாலையில் வாடகை வீட்டிலேயே இருந்தார். அமைச்சர்களுக்குத்தான் கிரீன்வேஸ் சாலையில் அரசு பங்களா. 1967-இல் தோற்ற கக்கன் வாடகை வீட்டுக்குப் போனதையும், பஸ்ஸுக்கு நின்றதையும் எங்கள் வீட்டில் அப்பா அடிக்கடி சொல்வார். கக்கன் ஒரு காலத்தில் பொதுப்பணித் துறை அமைச்சர், அதாவது லஸ்கர்களுக்கெல்லாம் அமைச்சர். அதனால் அப்பாவுக்கு அந்தக் கதையில் ஒரு பங்கு இருப்பதாக நினைப்பு.

வெளிநாட்டுக் கதை ரொம்ப வேண்டாம், இரண்டே இரண்டு. லண்டனில் 2024 ஜூலை 4 வாக்குப்பதிவு. மறுநாள் காலை தோற்ற பிரதமர் சுனக் பிரதமர் வீட்டை விட்டுப் போனார், மதியம் ஜெயித்த ஸ்டார்மர் உள்ளே வந்தார். ஒரு நாள்கூட ஆகவில்லை. 2011-இல் எலி பிடிக்க வந்த லாரி என்ற பூனை மட்டும் அந்த வீட்டிலேயே இருந்து ஆறு பிரதமர்களைப் பார்த்துவிட்டது. இன்னொன்று கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கை. 2015 ஜனவரி 9, எண்ணிக்கை முழுதாக முடிவதற்கு முன்பே, விடியற்காலையில் தோற்ற ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச தான் இருந்த அரசு வீடான அலரி மாளிகையை விட்டுக் கிளம்பினார். நான் மெச்சிக்கொண்டேன். ஆனால் அதற்கப்புறம் முன்னாள் ஜனாதிபதி என்ற முறையில் கொழும்பு விஜேராம மாவத்தையில் அரசு வீடு. 2025 செப்டம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை ரத்து செய்து நாடாளுமன்றம் சட்டம் போட்ட மறுநாள்தான் தங்காலையில் இருக்கும் சொந்த வீட்டுக்குப் போனார். நடுவில், 2022 ஜூலையில், அவர் தம்பி இருந்த ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள் புகுந்து நீச்சல் குளத்தில் குதித்ததையும் பார்த்தோம். அந்த நிலைமை நமக்கு வேண்டாம். வீட்டை விட்டு ஒருவரை விரட்டுவது பார்க்க ஜோராக இருக்கும், ஊருக்கு நல்லதில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது தெரிந்த விஷயம். என் தாத்தாவின் குடிசை மிராசுதார் மனைக்கட்டில் இருந்தது. பண்ணை வேலையை விட்டால் குடிசையையும் விட வேண்டும். எதிர்த்துப் பேசினால் மறுநாள் கூரை இருக்குமா என்று தெரியாது. 1971-இல் குடியிருப்புச் சட்டம் வந்துதான் அந்த மனை தாத்தா பேருக்கு ஆனது. டெல்லியில் அரசு வீட்டை விடாதவர்களை வெளியேற்றச் சட்டம் வந்ததும் அதே வருஷம். எனக்கு இரண்டிலும் நியாயம் தெரிகிறது. தாத்தாவுக்கு அது வாழ்க்கை. அமைச்சருக்கு அது வேலையோடு வந்த குவார்ட்டர்ஸ், என் அப்பாவுக்கு வந்தது போல.

சரி, நான் கேட்க வந்தது என்ன? புதுச் சட்டம் கேட்கவில்லை. இருக்கிற ஒரு மாதத்துக்கு ஊர் அறிந்த ஒரு தேதி வேண்டும். ஜூன் 12 என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் மேட்டூர் திறக்கிற நாள் என்று தெரியும். திறக்காவிட்டால் மறுநாள் பேப்பரில் வரும், டீக்கடையில் பேச்சு வரும், கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஆள் நிற்கும். தண்ணீர் இல்லாத வருஷங்களிலும் அந்தத் தேதிதான் எங்களுக்குப் பிடிமானம், தள்ளிப்போனது எத்தனை நாள் என்று எண்ணுவதற்காவது. அதே மாதிரி, பதவி போன ஒவ்வொரு பிரதமர், அமைச்சர், எம்.பி. வீட்டுக்கும் சாவி கொடுக்க வேண்டிய தேதியை அரசிதழில் போடுங்கள். கொடுத்த தேதியையும் போடுங்கள்.

கூடவே சாமான் பட்டியல். உத்தரப் பிரதேசத்தில் முன்னாள் முதல்வர்களுக்கு ஆயுள் முழுக்க பங்களா என்று சட்டமே வைத்திருந்தார்கள். லோக் பிரஹாரி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், பதவி போனவர் மற்ற குடிமக்களைப் போலத்தான் என்று சொல்லி 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வீடுகள் காலியாயின. அப்புறம் ஒரு பங்களாவில் டைல்ஸைக் காணோம், குழாயைக் காணோம் என்று அரசு தரப்பில் புகார், இருந்தவர் தரப்பில் மறுப்பு, இரண்டு வாரம் டி.வி.யில் அதே பேச்சு. குடி வரும்போதும் போகும்போதும் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட பட்டியல் ஒன்று ஊர் பார்க்க இருந்திருந்தால், அரை மணியில் முடிகிற பஞ்சாயத்து.

வெள்ளிக்கிழமை மதியம், அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் தங்கள் மசோதா, தீர்மானங்களைக் கொண்டுவரும் தனிநபர் அலுவல் நேரம் வரும்போது உங்களில் ஒருவர் இதை எழுப்பினாலும் போதும். மூன்று பேரும் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. நாளைக்கே நீங்களும் தோற்கலாம் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பட்டியல் எப்படி எழுதுவது என்று யாராவது கேட்டால் என்னிடம் ஒரு மாதிரி இருக்கிறது. 1994 ஆகஸ்டில் அப்பா எழுதிக் கொடுத்ததன் கார்பன் நகல். ஊதா மை மங்கிவிட்டது, படிக்கலாம். ஷட்டர் சாவி 1, ஜூலை 31 அன்றே ஒப்படைத்தது. வீட்டுச் சாவி 2. அரிக்கேன் விளக்கு 1, கண்ணாடி விரிசல். மண்வெட்டி 1, கடப்பாரை 1. சவுக்குக் கட்டை 40. காலிச் சாக்கு 200, அதில் எலி கடித்தது 11. நீர்மட்டப் பதிவேடு 1. கீழே அப்பா கையெழுத்து, பக்கத்தில் புது லஸ்கர் கையெழுத்து. முகவரி சொன்னால் நகல் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
லஸ்கர் மகன்,
நீடாமங்கலம் வட்டம்.