கொய்யாத் தோட்டத்துச் சருகு

தேன்கனிக்கோட்டை

அன்புள்ள முருகேசா,

நான் கடிதமே போடுவதில்லை என்று நீ எழுதிய வசவுக் கடிதம் கிடைத்தது. எனக்குத் தகும். அம்மாவுக்கு முட்டிவலி, மற்றபடி நலம். சின்னவள் பத்தாம் வகுப்பு. நாம் ‘கலெக்டர்’ என்று கூப்பிடுவோமே, அவன் மறுபடி சீட்டுப் பிடிக்கிறான். இந்த முறையாவது சேராதே.

இங்கே கொய்யா உதிர்கிறது. பழுக்கும் தறுவாயில் தோலில் ஓர் ஊசித்துளை, சுற்றிலும் பழுப்பு வட்டம், பிறகு அழுகல். மருந்துக் கடைக்காரர் பழ ஈ என்றார். வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு புழு இல்லை. இரவில் டார்ச் அடித்துப் பார்த்தேன்: பழத்துக்குப் பழம் சிவப்பாக மின்னும் கண்கள்!

யூடோசிமா ஃபலோனியா என்ற அந்துப்பூச்சி. உட்கார்ந்தால் நரம்போடு காய்ந்த இலை. விரட்டினால் பின்சிறகு திறந்து பளீரென்று ஆரஞ்சு, நடுவில் கறுப்பு வளைவு. ஆஸ்திரேலிய மழைக்காட்டில் இதற்கு ஒரு பங்காளி, யூடோசிமா ஆரன்ஷியா. சுருண்ட இலையாகத் தெரியும் அதன் சிறகு உண்மையில் வெறும் தட்டையாம். சிறகின் நுண்ணமைப்புகள் சில இடங்களில் மட்டும் ஒளியைத் திருப்பி மேடு பள்ளம் காட்டுகின்றன என்று மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்திருக்கிறார்கள். பந்துக்கு நிழல் தீட்டச் சொல்லி நம் டிராயிங் வாத்தியார் உயிரை வாங்கினாரே, அதே வித்தை. உனக்குக் கடைசிவரை வரவில்லை, பூச்சிக்கு வந்திருக்கிறது.

வழக்கமாகப் புழுதான் பயிரைத் தின்னும். இதில் தலைகீழ். பக்கத்துக்கு இரண்டு பொய்க்கண்ணோடு திரியும் புழு, சீந்தில்கொடியோடு நின்றுகொள்கிறது. வளர்ந்த அந்துதான் கொள்ளைக்காரன். முள் வைத்த கெட்டியான உறிஞ்சுகுழலைத் தோலில் இறக்கிச் சதைச் சாற்றைக் குடிக்கிறது. தோல்மேல் தெளிக்கும் மருந்து அதை என்ன செய்யும்? துளை வழியாகப் பூஞ்சை நுழைகிறது. துளைக்க வக்கில்லாத மற்ற அந்துகளும் பந்திக்கு வந்துவிடுகின்றன.

வீட்டில் இப்போது சண்டை. வேலிச் சீந்திலை அடியோடு வெட்டு என்கிறார் பெரியப்பா. புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. சர்க்கரைக்கு அம்மா கஷாயம் வைப்பதே அந்தக் கொடியில்தான். அரிவாளோடு யார் வருகிறார்கள் பார்க்கிறேன் என்கிறார். நான் அம்மா கட்சி. வேலியை மொட்டையடித்தாலும் பூச்சி வெகுதூரம் பறந்து வரும். அஞ்செட்டிக் காட்டில் இல்லாத கொடியா? காட்டையும் வெட்டச் சொல்வாரா? அந்தச் சிறகைப் பார்த்த பிறகு விஷம் கலந்த வெல்லப்பாகு வைக்கவும் எனக்குக் கை வரவில்லை. இதைப் பெரியப்பாவிடம் சொல்லிவிடாதே.

ரசனை ஒரு பக்கம் இருக்கட்டும், முருகேசா. இந்தப் போகமும் கைவிட்டால் நகையை வைத்துத்தான் சின்னவளுக்குப் பணம் கட்ட வேண்டும். இரவில் தூக்கம் இல்லை.

பழத்துக்குப் பை மாட்டுவது ஒன்றே வழி என்று படுகிறது. கோயம்புத்தூரில் காகிதப் பை ஆயிரம் என்ன விலை என்று உடனே விசாரித்து எழுது. ஓசூரில் சொன்ன விலைக்குக் கொய்யாவையே வாங்கித் தின்றுவிடலாம்.

அன்புடன்,
சண்முகம்