கோர்பு மலை ஏறுபவர்கள் கவனத்துக்கு

அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம்.

நம் சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) வெயிலில் குளிரைப் பற்றிப் பேசினால் சிரிப்பீர்கள். ஆனால் கோர்பு உச்சி 2,183 மீட்டர். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குறையும். இங்கே 32 என்றால் மேலே பகலிலேயே சுமார் 19தான். நனைந்த உடம்பில் காற்றும் அடித்தால் நடுக்கம்தான்.

ஜீன்ஸ், பருத்திச் சட்டை வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்து உடம்புச் சூட்டை இழுத்துவிடும். காற்பந்து ஜெர்சி போதும். ஏற்றத்தில் மழைக்கோட்டின் ஜிப்பைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் வியர்வையே நனைத்துவிடும்.

உலர்ந்த உடை ஒரு செட் கட்டாயம். பைக்கு மேல் போடும் உறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். பைக்குள்ளே பெரிய கறுப்புக் குப்பைப் பையை விரித்து, துணியையும் தூக்கப் பையையும் அதில் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். அந்த செட் தூங்க மட்டும். காலையில் பழைய ஈர உடையைத்தான் மாட்ட வேண்டும். கொடுமைதான், ஆனால் நடக்க ஆரம்பித்தால் சூடேறிவிடும்.

சப்பாத்துக்கு, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் போடும் மலிவான ரப்பர் சப்பாத்து, கம்போங் அடிடாஸே போதும். விலையுயர்ந்த பூட்ஸ் என்னைக் கேட்டால் வீண்.

யாராவது நடுங்கி, பேச்சுக் குழறி, தடுமாறினால் உடனே சொல்லுங்கள். ஈர உடையை மாற்றி, தூக்கப் பைக்குள் படுக்கவைத்து, விழுங்க முடிந்தால் சூடாக இனிப்பு மைலோ கொடுப்போம். மது கூடவே கூடாது.

அப்புறம், ஆறு கலங்கி ஏறினால் கடக்க மாட்டோம், காத்திருப்போம். வனத்துறை பெர்மிட்டுக்கு அடையாள அட்டை நகலை வெள்ளிக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள்.