விருப்பச் சுதந்திரமும் மணிக்கட்டு அசைவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன் செயலைத் தானே தேர்ந்தெடுக்கும் விருப்பச் சுதந்திரம் மனிதனுக்கு இல்லை என்பதை மூளை ஆய்வு மெய்ப்பித்துவிட்டது, ஆகவே குற்றத்துக்குத் தண்டனை என்பதே பொருளற்றது என்று வாதிடும் கட்டுரையைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். நடை தெளிவாக இருந்தது. ஆனால் காட்டிய சான்றுக்கும் எட்டிய முடிவுக்கும் இடையே பெரும் இடைவெளி உள்ளது.

கட்டுரையாளர் பெரிதும் நம்பியிருப்பது அமெரிக்க நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்ட சோதனையை. தலையில் மின்முனைகள் பொருத்தப்பட்டவர்கள், தோன்றும்போது மணிக்கட்டை மடக்கி, அந்த எண்ணம் எழுந்த கணத்தில் 2.56 விநாடிக்கு ஒருமுறை சுற்றிவரும் ஒளிப்புள்ளி எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். அவர்கள் சொன்ன கணம் அசைவுக்குச் சுமார் 200 மில்லிவிநாடி முந்தியது. செயலுக்கு மூளை ஆயத்தமாவதைக் காட்டும் மின் அலையோ அசைவுக்குச் சுமார் 550 மில்லிவிநாடி முன்பே தொடங்கியிருந்தது. இவ்வளவும் சரி. ஆனால் கையை அசைப்பது என்று மூளை எடுத்த முடிவே அந்த அலை என்பது சோதனை தந்த தகவல் அன்று, அதன்மீது ஏற்றப்பட்ட அனுமானம். மூளையில் இயல்பாகவே ஏறியிறங்கும் மின் அலைவுகள் தற்செயலாக ஒரு வரம்பைத் தொடும்போது அசைவு நிகழ்வதாகக் கொண்டு, அசைவு நிகழ்ந்த கணத்திலிருந்து பின்னோக்கிப் பல பதிவுகளின் சராசரி எடுத்தாலே இதே வடிவ அலை கிடைத்துவிடும் என்று 2012-இல் ஆரோன் ஷுர்கரும் உடனாய்வாளர்களும் காட்டினர். லிபெட்டேகூட, கடைசிக் கணத்தில் செயலைத் தடுக்கும் ஆற்றல் நனவுக்கு உண்டு என்று கருதியவர். கட்டுரை இதைச் சொல்லாமல் விட்டது வியப்பளிக்கிறது.

மேலும், காரணம் ஏதுமின்றிக் கையை மடக்குவதும், இருக்கும் வேலையை விடலாமா என்று மாதக்கணக்கில் எண்ணிப் பார்ப்பதும் ஒரே வகைச் செயல்களா?

மெய்யான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதே 1983-இல் அமெரிக்க மெய்யியலாளர் பீட்டர் வான் இன்வேகன் விரித்துரைத்த வாதம் இது: கடந்த கால நிகழ்வுகளும் இயற்கை விதிகளும் சேர்ந்து இனி நடப்பவை அனைத்தையும் தீர்மானிக்கின்றன என்றால், நாம் பிறப்பதற்கு முன் நடந்தவையும் அந்த விதிகளும் நம் வசத்தில் இல்லாதபோது, அவற்றின் விளைவான நம் செயல்களும் நம் வசத்தில் இல்லை. இதற்கு மின்முனை எதுவும் வேண்டியதில்லை. லிபெட்டை மறுப்பதைவிட இதை மறுப்பது கடினம்.

மறுபுறம், நாம் விரும்பியபடி செய்யவும் செய்யாதிருக்கவும் இயல்வதே சுதந்திரம், விலங்கிடப்பட்ட கைதிக்குத்தான் அது இல்லை என்று 1748-இலேயே ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் எழுதினார். அவ்விருப்பம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இது விடையாகாது என்பது உண்மையே. எனினும் தண்டனையைப் பொறுத்தவரை நம் சட்டம் செல்வது ஏறத்தாழ இவ்வழியில்தான்: இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு, செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ மனநலக் குறைவால் அறிய இயலாதவரை விலக்கியதே தவிர, மூளையின் அலை முந்தியதா எண்ணம் முந்தியதா என்று கேட்கவில்லை. அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் கேட்கவில்லை.

தொடரின் அடுத்த பகுதி நனவைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன்பாக, இன்வேகனையும் ஹியூமையும் எதிரெதிரே வைத்து இவ்விவாதத்தை முழுமையாக விளக்கும் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்