தார்சா வெளிச்சம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆடியில் நீ எழுதியதற்கே இன்னும் பதில் இல்லை என்று கோபப்பட்டிருந்தாய், நியாயம்தான். நான் நன்றாக இருக்கிறேன். வினிபெக்கில் இப்போது மைனஸ் 28 டிகிரி. காலை 8 மணிக்கு மேல்தான் விடிகிறது, சாயங்காலம் 5 மணிக்கெல்லாம் இருட்டு. பக்கத்து ஆறு உறைந்து, ஜனங்கள் அதன்மேல் நடந்து போகிறார்கள். நம்மூர் குறுக்குத்துறையில் தாமிரபரணி வெள்ளம் கோயிலையே மூடிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஆறு இப்படிச் சத்தமில்லாமல் கிடப்பது இன்னும் பழகவில்லை.

கீழ்வீட்டுப் பெரியவரைப் பற்றி எழுதியிருந்தேனே, பனியிலும் வெறும் செருப்போடு குப்பை போட வருகிறவர், அவர்தான் இப்போது எனக்கு வாத்தியார். முன்பு கல்யாணங்களுக்குப் படமெடுத்துப் பிழைத்தவராம். நவம்பரில் ஆற்றங்கரையில் என் கேமரா திடீரென்று நின்றுபோனது. அவர் பேட்டரியைக் கழற்றி என் உள்சட்டைப் பையில் போட்டு, பத்து நிமிஷம் பொறு என்றார். மறுபடி ஓடியது! குளிரில் விறைத்துப்போவதுதானாம். வீட்டுக்குள் வரும் முன் கேமராவை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டச் சொன்னதும் அவர்தான், இல்லாவிட்டால் உள்ளே வந்ததும் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும்.

எனக்குச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். நீ எடுத்ததில் 20 படம் மட்டும் கொண்டு வா என்றார். இரண்டு வருஷமாக எடுத்துக் குவித்ததில் இருபதைப் பொறுக்க ஒரு ராத்திரி முழுக்க ஆனது, அக்கா. பொறுக்கும்போதே எது தேறும், எது தேறாது என்று பாதி தெரிந்துவிட்டது. உன் பனி ஏன் சாம்பல் நிறத்தில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். கேமரா எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கத்தான் பார்க்கும், அதனால் பனியில் நாமே ஒன்று, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் கூட்டி வைக்க வேண்டும்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. இப்போது 50 எம்எம் லென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரே இடத்தில், வாரத்துக்கு 36 படம்தான். ஒரு பிலிம் ரோல் கணக்கு. அதற்குமேல் எடுத்தால் பார்க்க மாட்டார்.

காசு வாங்க மாட்டேன் என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்துக் கொடுத்தேன், கூட இஞ்சித் துவையல். டின் தேங்காய்ப்பால்தான், முதல் பால், இரண்டாம் பால் என்ற பேச்சே இல்லை. அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். இங்கே என் கதவைத் தட்டுகிற ஆள் அவர் ஒருவர்தான். சரி, அதை விடு.

அந்த இருபதில் அம்மா படம் ஒன்று இருந்தது. போன தடவை வந்தபோது, வீட்டு முன்கூடத்தில், நம் தார்சாவில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாளே, அது. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் விழுந்திருக்கும், விரல் நுனியில் ஒரு கல். பெரியவர் மற்ற பத்தொன்பதையும் தள்ளிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, மேலே வந்துவிட்டேன்.

அப்பாவுக்கு நம்மிடம் தனியாக ஒரு படம்கூட இல்லையே, அக்கா. சுவரில் இருப்பதும் உன் கல்யாணப் படத்தில் வெட்டி எடுத்தது, ஓரத்தில் மாமாவின் தோள் தெரியும். அதற்காகத்தான் இதை இவ்வளவு பிடிவாதமாகப் பழகுகிறேன்.

பாப்பாவிடம் சொல்லி அம்மாவைப் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பு. காலை வெளிச்சத்தில், தார்சாவில், டியூப்லைட் போடாமல். சேலை மாற்றச் சொல்ல வேண்டாம், வேலையாக இருக்கும்போது எடுக்கட்டும். கண் ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. இந்த மாதப் பணம் 20ஆம் தேதிக்கு மேல்தான் வரும், வேறொன்றுமில்லை, நீ எதையாவது நினைத்துக்கொள்ளாதே. அதுவரை அத்தானைச் சமாளிக்கச் சொல். பட்டா மாற்றத்துக்கு வி.ஏ.ஓ. என்ன கேட்கிறார் என்று எழுது, என் கையெழுத்து வேண்டுமென்றால் தாளை அனுப்பு, போட்டு அனுப்புகிறேன். சித்தப்பா பங்கைப் பற்றி இப்போது வாயைத் திறக்க வேண்டாம், பிசானம் அறுப்பு முடியட்டும். நெல்லை மொத்தமாக விற்றுவிடாமல் அம்மாவுக்கு இரண்டு மூட்டை எடுத்து வை.

உன் தம்பி