ஒன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு: நோட்டு ஏன் காலியாக இருக்கிறது?

அன்புள்ள பெற்றோருக்கு,

வெள்ளிக்கிழமை மாலை பள்ளி வாசலில் உங்களில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "இந்த வாரம் நோட்டுல ஒண்ணுமே எழுதலையே மிஸ்?" அவசரத்தில் "விளையாட்டு மூலமா சொல்லித் தர்றோம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது ஒரு பதிலா என்று வீடு வரைக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

நோட்டில் மொத்தம் ஒன்றரைப் பக்கம்தான், மறைக்க ஒன்றுமில்லை. மீதி நேரம் எங்கே போயிற்று என்று சொல்கிறேன்.

திங்கட்கிழமை கூழாங்கல். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்தார்கள். பத்துக் கல், ஒரு கிண்ணம். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர் சில கற்களைக் கிண்ணத்தால் மூடிவிடுவார். வெளியே நான்கு தெரிந்தால் உள்ளே எத்தனை? முதல் நாள் பாதிப் பேர் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். புதன்கிழமைக்குள் பலர் பார்த்த மாத்திரத்தில் "ஆறு" என்றார்கள். பத்தைப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு 8 + 5 பெரிய விஷயமே இல்லை. ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டுக்குக் கொடுத்தால் பத்து, மிச்சம் மூன்று, ஆக 13.

அதே கற்களை வைத்து ஒரு வேடிக்கையும் நடந்தது. இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு கல். ஒரு வரிசையை மட்டும் இழுத்து நீட்டிவிட்டு எதில் அதிகம் என்று கேட்டேன். நீளமானதில்தான் என்று ஐந்து பேர் அடித்துச் சொன்னார்கள், எண்ணிப் பார்த்த பிறகும்! சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே இப்படித்தான் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார். ஆறேழு வயதில்தான் பெரும்பாலும் இது தெளிவாகும். உங்கள் பிள்ளை அந்த ஐவரில் ஒருவர் என்றால் திட்டாதீர்கள். நூறு வரை கடகடவென ஒப்பிக்கிற பிள்ளையும் அந்த ஐவரில் உண்டு.

வாரத்தின் பெரும்பகுதி கரைந்தது கெ, கே, கொ, கோ-வில். ஒரு சிறுமி கேட்டாள், "க்-தானே மிஸ் முதல்ல கேக்குது? கொம்பு மட்டும் ஏன் முன்னாடி வருது?" நியாயமான கேள்வி. வாயில் க் முதலில், எ பிறகு. கையிலோ கொம்பு முதலில். கொ இன்னும் மோசம், முன்னால் கொம்பு, பின்னால் கால். காதில் கேட்ட வரிசையிலேயே எழுதுகிற பிள்ளை கொம்பைக் கொண்டுபோய்ப் பின்னால் வைக்கிறது. காது ஒழுங்காக வேலை செய்வதால் வருகிற பிழை அது. இதற்குப் பத்து முறை எழுதச் சொல்லி என்ன பயன்? மூன்று பேரை எழுந்து நிற்கவைத்தேன். ஒருவர் கொம்பு, ஒருவர் க, ஒருவர் கால். வகுப்பே "கொ" என்று கத்தும்போது மூவரும் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். கால் ஓடிவிட்டால் கெ. கொம்பும் ஓடிவிட்டால் வெறும் க. பக்கத்து வகுப்பு ஆசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். (அந்தக் காலத்தில் கெ குறில் என்று காட்ட மேலே ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் அந்தப் புள்ளியை வைக்க மாட்டார்கள், அதனால் கெ, கே இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நம் இரட்டைச்சுழிக் கொம்பு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம். பிள்ளைகளிடம் இதைச் சொல்லவில்லை, சொல்ல ஆசைதான்.)

எழுதவே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. ஆனால் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான், ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும். கடைசி எலும்புக்கு அந்த வேலை தொடங்குவதே பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல். நான்கு பக்கம் எழுதிவிட்டு "கை வலிக்குது" என்கிற பிள்ளை சாக்குச் சொல்லவில்லை. களிமண் உருட்டுவதும் கத்தரிக்கோல் பிடிப்பதும் அந்தக் கைக்கு நாங்கள் தருகிற பயிற்சி.

வியாழக்கிழமை சொதப்பல். கரும்பலகையைச் சாண் வைத்து அளந்தோம். எனக்குப் பன்னிரண்டு, அவர்களுக்குப் பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. ஏன் மாறுகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருந்தேன். "நீ பொய் சொல்றே" என்று சண்டைதான் வந்தது, அப்புறம் மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் இரண்டு பேர் கையை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கச் சொல்லித் தொடங்க வேண்டும்.

அந்த ஒன்றரைப் பக்கம் பயறு பற்றியது. கண்ணாடித் தம்ளர், ஈரப் பஞ்சு, நான்கு விதை. திங்கள் போட்டது செவ்வாயன்று ஊதியிருந்தது, புதனன்று வேர் எட்டிப் பார்த்தது. வியாழனன்று ஒரு தம்ளரைப் படுக்கவைத்தோம், மறுநாள் வேர் வளைந்து தரைப்பக்கம் திரும்பியிருந்தது. நாளுக்கு ஒரு படம், ஒரு வரி. "வேர் கீழ போகுது" என்று ஒருவர் எழுதியதை நான் திருத்தவில்லை.

மாலையில் "எத்தனை பக்கம் எழுதினே?" என்று கேட்பதற்கு முன் பத்துப் பொத்தானும் ஒரு கிண்ணமும் எடுத்து உட்காருங்கள். பெரும்பாலும் நீங்கள்தான் தோற்பீர்கள், அவர்கள் ஒரு வாரமாக ஆடுகிறார்கள்.

தம்ளர்கள் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். பஞ்சு ஈரமாக இருந்தால் போதும். பாசத்தில் தண்ணீரை நிறைய ஊற்றிவிடுவார்கள், பயறு அழுகிவிடும், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை திரும்பக் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை