சுண்ணாம்பை ஏக்கர் கணக்கில் பங்கிட வேண்டாம்

சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) சுற்றுவட்டாரக் காய்கறித் தோட்டக் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

சுண்ணாம்புத்தூள் வந்திறங்கியதும் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று எல்லாருக்கும் ஒரே அளவில் கொடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். முதலில் மண்ணைச் சோதியுங்கள்.

நம் மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் அரித்துக்கொண்டு போய்விடுவதால் மண் அமிலமாகிறது; சுண்ணாம்பு அதை முறிக்கும். பி.எச். (மண்ணின் அமில அளவு; எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) 5-க்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்கும். வாடும் மிளகாய்ச் செடி ஒன்றைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். சல்லிவேர் இல்லாமல் நுனி கட்டையாகத் தடித்துப் பழுப்பேறியிருந்தால் எவ்வளவு உரம் போட்டாலும் செடி எடுக்காது. வேர் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் நுண்புழு. சுண்ணாம்பு அதற்கு மருந்தல்ல.

மண் எடுக்கும்போது 15 இடங்களில், 15 சென்டிமீட்டர் ஆழத்தில் தோண்டி, பிளாஸ்டிக் வாளியில் கலந்து நிழலில் உலர்த்துங்கள். அண்மையில் உரம் வைத்த குழியருகே எடுத்தால் கணக்கு பிசகும்.

பி.எச். 4.5 அளவிலுள்ள களிப்பான செம்மண்ணுக்கு மாவாக அரைத்த டோலமைட் (மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல்) ஹெக்டருக்கு 2 டன் தொடக்க அளவாக இருக்கட்டும். 10 சதுர மீட்டர் பாத்திக்கு 2 கிலோ. பழைய வெள்ளீயச் சுரங்க மணலுக்குப் பாதிக்கு மேல் வேண்டாம். அந்த மண்ணுக்குத் தாங்கும் திறன் குறைவு. அளவு மிஞ்சினால் இரும்பும் துத்தநாகமும் கிடைக்காமல் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். குறுணையாக வரும் மலிவுச் சுண்ணாம்பை வாங்க வேண்டாம்: பெரிய துகள் ஆண்டுக்கணக்கில் கரையாமல் கிடக்கும்.

நடவுக்கு 3, 4 வாரம் முன்பே தூவி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும். மேலே தூவிவிட்டு விட்டால் அடிவேருக்குப் போய்ச் சேராது. யூரியா, அமோனியம் சல்பேட், கோழி எரு எதையும் சுண்ணாம்போடு சேர்த்துப் போடாதீர்கள். மூக்கில் ஏறும் அந்தக் காரநெடி, காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றில் போகும் வாசனை. 100 கிலோ அமோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தை முறிக்கவே ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்பு வேண்டும். எந்த உரம் போடுகிறார்கள் என்பதையும் பங்கிடுமுன் கேளுங்கள்.

செம்பனைக்கு இதே கணக்கைக் காட்ட வேண்டாம். அது அமில மண்ணைத் தாங்கும். சுண்ணாம்பு மிஞ்சினால் பொட்டாசியம் எடுப்பது குறையும்.

ஒவ்வொரு பாத்தியின் பி.எச்., போட்ட அளவு, போட்ட தேதி மூன்றையும் குழுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதித்த பிறகே அடுத்த மூட்டையைக் கொடுங்கள்.

இவண்,
மண் பரிசோதனையிலும் காய்கறிப் பயிரிலும் பணியாற்றுவோர்